பேய்க்கும் ஒரு பிராது

ஆண்டிமடம், விளந்தை, வரதராசன்பேட்டை வட்டாரத்தில் செல்போனும் கையுமாகப் பேய்ப்படம் எடுத்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு ஸ்கூல் பாரத்தில் ஒட்டுகிற போட்டோ எடுத்துக் கொடுத்தவன் நான்தான். அதே பாதிப் பேர் இப்போது எல்.இ.டி. லைட்டை வாடகைக்குக் கேட்டு வருகிறீர்கள். எதுக்கு என்றால், “பழைய பேய்ப்படத்த நம்ம ஸ்டைல்ல திரும்ப எடுக்குறோம்ணே” என்கிறீர்கள். ஒரு குழு ‘ஆயிரம் ஜென்மங்கள்’ எடுக்கிறது. இன்னொரு குழுவுக்கு ‘ஜகன்மோகினி’. மூன்றாவது குழு ‘சந்திரமுகி’யைக் கொண்டுபோய் லேடீஸ் ஹாஸ்டலில் வைத்திருக்கிறது. ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒன்று. திரும்ப எடுப்பதில் எந்தக் கேவலமும் இல்லை. யாராவது காப்பி என்று கேலி செய்தால் கண்டுகொள்ளாதீர்கள். தமிழ்ப் பேய்களில் முக்கால்வாசி வெளியூரிலிருந்து வந்து குடியேறியவைதான். ஜெயலலிதா நடித்த ‘யார் நீ’ (1966), இந்தியில் வந்த ‘வோ கௌன் தீ’ (1964). துரை இயக்கி ரஜினி நடித்த ‘ஆயிரம் ஜென்மங்கள்’ (1978), நடிகை ஷீலா மலையாளத்தில் இயக்கிய ‘யட்சகானம்’ (1976). தக்காளி சீனிவாசன் எடுத்த ‘ஜென்ம நட்சத்திரம்’ (1991), ஹாலிவுட்டின் ‘தி ஓமன்’. பிரசாந்த் நடித்த ‘ஷாக்’ (2004), ராம் கோபால் வர்மாவின் ‘பூத்’. நமீதா நடித்து 2009-ல் வந்த ‘ஜகன்மோகினி’க்கு மூலம் விட்டலாச்சார்யாவின் 1978 படம். அந்த மூலத்துக்கும் ஒரு மூலம் உண்டு. 1951-லேயே கன்னடத்தில் அதே பெயரில் ஒரு படம் வந்துவிட்டது. ஆகவே தாராளமாக எடுங்கள்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். நீங்கள் எடுத்து எனக்கு அனுப்புகிற படங்களில் பேய் வருகிறது, கத்துகிறது, கண்ணாடியில் தெரிகிறது, கட்டிலுக்கு அடியிலிருந்து காலைப் பிடித்து இழுக்கிறது. எதற்காக வந்தது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. எடுத்த உங்களுக்கே தெரியவில்லை. கேட்டால், “பேய்னா வரும்லண்ணே” என்கிறான் ஒருத்தன்.

நம் பக்கத்தில் பேய் ஓட்டுகிற பூசாரியைக் கவனித்திருப்பீர்கள். உடுக்கையை அடித்து, வேப்பிலையை வீசி, ஆடுகிற பெண்ணிடம் அவர் முதலில் கேட்பது மிரட்டல் கேள்வி இல்லை, விசாரணைக் கேள்வி. நீ யாரு? எந்த ஊரு? எப்படிச் செத்த? உனக்கு என்ன வேணும்? அதற்குப் பதில் வந்தபிறகுதான் முடிக்கற்றையைப் பிடுங்கிப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பது, கோழி அறுப்பதெல்லாம். பூசாரிமேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் கதை சொல்கிறவனுக்குத் தெரியவேண்டிய ஒரு விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம்மூர்ப் பேய் ஒரு பிராதுக்காரி. உயிரோடு இருந்தபோது சொல்லி யாரும் காதில் வாங்காத பிராதை, செத்தபிறகு இன்னொருத்தி வாயால் சொல்ல வருகிறாள்.

ஸ்ரீதர் எடுத்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) யூடியூபில் கிடைத்தால் பாருங்கள். கருப்பு வெள்ளை என்று தள்ளிவிடாதீர்கள். ஜமீன் வீட்டுப் பையன் ஓர் ஏழைக் குடியானவன் மகளை விரும்புகிறான். அப்பன் ஜமீன்தார் துப்பாக்கியை எடுக்கிறார். மறுபிறவியில் அந்த இரண்டு பேரும் திரும்ப வருகிறார்கள். அப்பனோ இன்னும் சாகவில்லை. நம்பியார் நூறு வயது தாண்டிய கிழவனாக, சுருங்கிப்போன முகத்தோடு, அதே வெறியோடு காத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படத்தில் பயமுறுத்துவது செத்துப்போனவர்கள் இல்லை. சாகாமல் உட்கார்ந்திருக்கும் அந்த அப்பன்தான். சாதி விட்டுக் கட்டினால் பெற்றவர்களே வெட்டுகிற செய்தியை மாதாமாதம் படிக்கிற நமக்கு, அறுபது வருஷத்துக்கு முந்திய இந்தப் படம் பழசாகத் தோன்றாது. உங்கள் குழுவில் எவராவது திரும்ப எடுப்பதென்றால் என் ஓட்டு இதற்குத்தான். பதினெட்டு வயதுக்காரர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் இருக்கும் பயம் எது?

அமெரிக்காக்காரர்கள் திரும்ப எடுக்கிற வேலையைப் பெரிய தொழிலாகவே செய்தார்கள். 2003-லிருந்து ஏழெட்டு வருஷம், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த திகில் படங்களைத் தூசு தட்டி, டி.வி. சீரியலில் பிரபலமான இளவட்டங்களைப் போட்டு வரிசையாகத் திரும்ப எடுத்தார்கள். ‘டெக்சாஸ் செயின்சா மாசக்கர்’, ‘பிராம் நைட்’, ‘வென் எ ஸ்ட்ரேஞ்சர் கால்ஸ்’ என்று பெரிய பட்டியல். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஜான் கார்பெண்டரின் ‘தி ஃபாக்’ (1980). கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். ஊருக்கு நூற்றாண்டு விழா. அன்று ராத்திரி மூடுபனி ஏறி வருகிறது, பனிக்குள் ஆட்கள் வருகிறார்கள். யார்? நூறு வருஷத்துக்கு முன்னால் தொழுநோயாளிகள் ஒரு கப்பலில் வந்து அந்தப் பக்கம் குடியேறப் பார்த்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஆறு பேர் பொய்யாகத் தீ மூட்டி வழிகாட்டி, கப்பலைப் பாறையில் மோதவிட்டார்கள். அதிலிருந்த தங்கத்தை எடுத்துத்தான் ஊரும் கோயிலும் எழும்பின. விழா கொண்டாடுகிற ஊரின் அஸ்திவாரமே கொலை. செத்தவர்கள் கணக்குக் கேட்க வருகிறார்கள்.

2005-ல் இதைத் திரும்ப எடுத்தபோது ‘ஸ்மால்வில்’ தொடரில் சூப்பர்மேனாக நடித்த டாம் வெல்லிங், ‘லாஸ்ட்’ தொடரின் மேகி கிரேஸ் இரண்டு பேரையும் முன்னால் நிறுத்தினார்கள். மூடுபனி கம்ப்யூட்டரில் அழகாகவே வருகிறது. ஆனால் கடைசியில் கதாநாயகி யாரென்று பார்த்தால், செத்துப்போன கப்பல் தலைவனின் மனைவி மறுபிறவி எடுத்து வந்தவளாம். அவளைக் கூட்டிக்கொண்டு பேய் போய்விடுகிறது. ஊர் செய்த கொலைக்கு நடந்துகொண்டிருந்த விசாரணை, காதலர் சேர்ந்த கதையாக முடிந்துபோனது. பிராதுக்காரன் வாயை அடைக்க ஒரு கல்யாணம் பண்ணி வைத்ததுபோல.

இளவட்டங்களைப் போட்டதுதான் குற்றம் என்று நான் சொல்லவில்லை. வெஸ் கிரேவனின் ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ (1984) மூலப் படத்திலேயே எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். தூங்கினால் கனவில் வந்து கொல்கிறான் ஒருத்தன். ஏன் தங்களைத் துரத்துகிறான் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. பெற்றவர்கள் சேர்ந்து அவனை உயிரோடு கொளுத்திவிட்டு வெளியே சொல்லாமல் மறைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் மூடி வைத்ததற்குப் பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள். இளவட்டப் பேய்ப்படம் என்றால் இதுதான். வயதைக் குறைப்பது சுலபம், அந்த வயதுக்கான கேள்வியையும் சேர்த்து வைக்க வேண்டும்.

நம் சினிமா பயத்தைக் குறைத்ததற்கு ஒரு கணக்கு வழக்கும் உண்டு. அமெரிக்காவில் 1984-ல் பி.ஜி.-13 என்று ஒரு சான்றிதழ் கொண்டுவந்தார்கள். அதை வாங்கினால் பதின்மூன்று வயதுப் பையனும் தனியாக டிக்கெட் எடுக்கலாம் என்பதால், ‘தி ஃபாக்’ மாதிரி பல மறுபதிப்புகள் அந்த அளவுக்கு வெட்டித் தைக்கப்பட்டன. இங்கே 2006-ல் தமிழ்ப் பெயர் வைத்த படத்துக்குக் கேளிக்கை வரி கிடையாது என்றார்கள். 2011-ல் ‘யு’ சான்றிதழும் இருந்தால்தான் சலுகை என்று சேர்த்தார்கள். ‘ஏ’ வாங்கினால் டி.வி. வியாபாரமும் படுத்துவிடும். அப்புறம் தயாரிப்பாளர் என்ன செய்வார்? பேய்க்குப் பக்கத்தில் கோவை சரளாவை உட்கார வைப்பார். அதைக் குறை சொல்ல மாட்டேன், நானும் விழுந்து விழுந்து சிரித்தவன்தான். இப்போது யு.ஏ.விலேயே 7, 13, 16 வயது என்று மூன்று பிரிவு வந்துவிட்டது. ஜி.எஸ்.டி. வந்த 2017-லிருந்து பழைய வரிக் கணக்கும் மாறிவிட்டது. செல்போனில் எடுக்கிற உங்களுக்கு இந்தக் கட்டு எதுவும் இல்லை. இல்லாத கட்டுக்கு நீங்களாகப் போய் ஏன் காலை நீட்டுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

சிரிப்பு வந்தால் பிராது அடிபட்டுப்போகும் என்பதும் இல்லை. ‘காஞ்சனா’வை (2011) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு திருநங்கை ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்தை அரசியல்வாதி பிடுங்கிக்கொண்டு கொன்றுபோடுகிறான். முதல் பாதியில் சிரித்துக்கொண்டிருந்த கொட்டகை, சரத்குமார் வந்ததும் வாயடைத்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். லாஜிக் ஓட்டையை எண்ணினால் விரல் போதாது. இருந்தாலும் பேய் என்ன கேட்கிறது என்பதில் குழப்பமே இல்லை.

சரி, ‘சந்திரமுகி’ குழுவுக்கு வருகிறேன். சொல்ல நிறைய இருக்கிறது.

1993-ல் பாசில் இயக்கிய ‘மணிச்சித்ரத்தாழ்’ மலையாளப் படம். அதில் நாகவல்லி யார் தெரியுமா? தஞ்சாவூர்க்காரி. நம் ஊர்ப் பெண். கேரளத்துத் தரவாட்டுக் காரணவர் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொண்ட நாட்டியக்காரி. தன்னை நாகவல்லியாகவே நினைத்துக்கொள்ளும் கங்காவாக ஷோபனா அந்த வீட்டில் தமிழில் ஆவேசப்படுகிறார். அந்த நடிப்புக்கு அவருக்குத் தேசிய விருது. 2005-ல் பி.வாசு தமிழில் எடுத்தபோது தஞ்சாவூர்க்காரி தமிழ் பேசி என்ன பயம் வரும்? அதனால் அவள் ஆந்திரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சந்திரமுகி ஆனாள், தெலுங்கில் பாடினாள். 2007-ல் பிரியதர்ஷன் ‘பூல் புலையா’ என்று இந்தியில் எடுத்தார். ஓர் அரண்மனையில் வங்காளி பேசுகிற மஞ்சுளிகா வந்தாள். ஒவ்வொரு ஊரும் பக்கத்து ஊர்ப் பெண்ணைப் பேயாக்கிக்கொண்டது.

இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று நான் நினைக்கவில்லை. திரும்ப எடுத்தவர்கள் எதைக் கைவிடக் கூடாதோ அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் வெளியூரிலிருந்து பலவந்தமாகக் கொண்டுவரப்பட்டவள். அந்த வீட்டில் அவள் பாஷையில் பேச ஆள் இல்லை. அவள் அழுதாலும் திட்டினாலும் வீட்டில் யாருக்கும் முழுசாகப் புரியாது. பிராது கொடுக்கவே வழியில்லாத பிராதுக்காரி. மூன்று மொழியிலும் படம் ஓடியதற்குப் பாட்டும் நட்சத்திரமும் காரணம், இதுவும் காரணம். ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். மலையாளத்தில் மோகன்லால் படம் ஏறக்குறைய பாதி போனபிறகுதான் வருகிறார். அதுவரை வீடும் கங்காவும்தான் நம் கண்ணில் நிறைகிறார்கள். தமிழில் ரஜினி முதலிலேயே வந்துவிடுவதால் கங்காவுக்குக் கிடைத்த இடம் குறைந்துபோனது. சென்னை சாந்தி தியேட்டரில் 890 நாள் ஓடிய படத்தை ஆண்டிமடத்தில் உட்கார்ந்து குறை சொல்கிறேன் என்று சிரிக்காதீர்கள்.

இப்போது உங்கள் ஹாஸ்டல் கதையைப் பார்ப்போம். உங்கள் சந்திரமுகி எங்கிருந்து வந்தவள்? திரும்பவும் தெலுங்குக்காரிதானா? ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர் வரைக்கும் கட்டட வேலை, செங்கல் சூளை, ஓட்டல் வேலை என்று எந்தப் பாஷைக்காரர்கள் நம்மோடு இருக்கிறார்கள்? அவர்களில் ஒருத்திக்கு ஏதாவது ஆனால் அவள் அம்மா போனில் யாரிடம், எந்தப் பாஷையில் கேட்பாள்? உங்கள் படம் இங்கே தொடங்கலாம் என்று தோன்றுகிறது.

ஒடிசாவிலிருந்து வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கலிங்கத்துப் பரணி ஞாபகம் வரும். பாடப் புத்தகத்தில் படித்து மார்க் வாங்கியிருப்பீர்கள். நம்மிடமிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்தில் அரசாண்ட முதலாம் குலோத்துங்கன் காலத்தில், கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின்மேல் படையெடுத்துப் போனதைச் செயங்கொண்டார் பாடியது. அதை மறுபடி எடுத்துப் படியுங்கள், இந்த முறை திரைக்கதையாக. பாதிக்குமேல் பேய்கள்தான். பசியில் ஒட்டிப்போன பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்துக்குப் போய்ப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன. அதற்கு முன்னால் யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானை விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. பந்தி வைக்கிறபோது குருட்டுப் பேய்க்கு ஒரு மாதிரி, ஊமைப் பேய்க்கு ஒரு மாதிரி, சமணப் பேய்க்கு ஒரு மாதிரி கவனிப்பு. அருவருப்பும் சிரிப்பும் ஒரே பாட்டில். ‘முனி’, ‘அரண்மனை’ எல்லாம் நேற்று வந்த விஷயம். இந்த மண்ணில் திகில் காமெடிக்குத் தொள்ளாயிரம் வயது. அதற்கு யாரிடமும் உரிமை வாங்க வேண்டாம்.

ஜெயித்த அரசனைப் புகழ்ந்து எழுதிய பாட்டு அது. கூழாகிப் போன கலிங்க வீரர்களின் பக்கத்துக் கதையை யாரும் பாடவில்லை. அவர்கள் பேயாக வந்தால் என்ன கேட்பார்கள்? இதைச் செய்யத் துணிகிற குழுவுக்கு லைட் வாடகையில் பாதி தள்ளுபடி.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகிறபோது மேக்கப் போடுகிற பிள்ளையையும் கூட்டிப்போங்கள். கோயிலின் வெளிச்சுவரில் நடனமாடுகிற சிவனின் சிற்பம் இருக்கிறது. அவர் காலடியில் காரைக்கால் அம்மையார், எலும்பும் தோலுமாக, தாளம் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அழகு வேண்டாம், பேய் உருவம் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டவர். நீங்கள் வாங்குகிற வெள்ளைப் பவுடரையும் சிவப்பு லென்ஸையும்விட அந்தக் கல் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

பூசாரி விஷயத்தைப் பின்னால் சொல்கிறேன் என்றேனே. பேய் பிடித்ததாக ஆடுகிற பெண்களை வீடியோ எடுத்து வந்து, “ரியல் ஃபுட்டேஜ்ணே, நடுவுல சேர்த்துடலாம்” என்று சில பேர் கேட்டீர்கள். சேர்க்காதீர்கள், அழித்துவிடுங்கள். அப்படி ஆடுகிறவர்கள் பெரும்பாலும் கல்யாணமாகி ஓரிரண்டு வருஷம் ஆன பெண்கள். வீட்டில் வாய் திறந்து சொல்ல முடியாததைத்தான் பேயின் பெயரில் சொல்கிறார்கள் என்பது என் கணிப்பு. அதைக் கேட்டுவிட்டு முடியைப் பிடித்து இழுத்து அடிப்பதோடு முடித்துக்கொள்கிறார் பூசாரி. புருஷனையோ மாமியாரையோ கூப்பிட்டு யாரும் விசாரிப்பதில்லை. அவளுக்கு வேண்டியது டாக்டர், இல்லையென்றால் அவள் அம்மா வீட்டு ஆட்கள். அவள் முகத்தை ரீல்ஸில் போட்டால் இன்னொரு தடவை அவளை அடித்ததுதான்.

தொழில் சம்பந்தமாக இரண்டொரு வார்த்தை. இருட்டு என்றால் லைட்டே இல்லாமல் எடுப்பது என்று நினைத்துக்கொண்டு எடுக்கிறீர்கள். செல்போன் அதைப் புள்ளி புள்ளியாகக் காட்டும். ஓர் ஓரத்தில் ஒரே லைட் வையுங்கள், முகத்தில் பாதி விழட்டும். சத்தத்தை இன்டர்நெட்டில் இறக்காதீர்கள், முந்திரித் தோப்புக்குள் நடந்து பாருங்கள். முந்திரிச் சருகு தடித்தது. ராத்திரியில் ஒரு நாய் மிதித்தால்கூட ஆள் வருகிற மாதிரி கேட்கும். பழம் புளித்த வாடைக்கு வௌவால் வரும், கிளை சடசடக்கும். இதையெல்லாம் ஒரு காலர் மைக்கில் பிடித்துவிடலாம். விட்டலாச்சார்யா ‘ஜகன்மோகினி’யில் அடுப்பெரிக்க விறகுக்குப் பதில் தன் காலையே நீட்டுகிற பேயைக் காட்டினார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். அந்தக் காட்சியை இன்றைக்கும் தாத்தாக்கள் சொல்கிறார்கள், 2009 படத்தின் கிராபிக்ஸைச் சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை. அடுப்பும் காலும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அதனால் அது நிற்கிறது. நம் வீடுகளில் இருக்கிற இன்னொன்றைச் சொல்லவா? முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் கை. ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து, ரேகை அழிந்துபோயிருக்கும். ஆதார் மெஷினில் விரலை வைத்தால் ஆள் இல்லை என்கிற கை. கதவு இடுக்கில் அந்தக் கையை மட்டும் காட்டுங்கள், கிராபிக்ஸே வேண்டாம்.

உரிமை விஷயம். சினிமாவுக்கு நம் சட்டத்தில் வெளிவந்த வருஷம் முடிந்து 60 வருஷம்தான் காப்புரிமை. ‘நெஞ்சம் மறப்பதில்லை’ அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டது. ஆனால் கதை, பாட்டு, இசைக்குக் கணக்கு வேறு. எழுதியவர், இசையமைத்தவர் காலமாகி 60 வருஷம் ஆக வேண்டும். ஸ்ரீதர் 2008-ல்தான் காலமானார். ஆகவே கதையை அப்படியே எடுத்தாலோ, பாட்டை ஓடவிட்டாலோ சிக்கல் வரலாம். ‘ஆயிரம் ஜென்மங்கள்’ தயாரிப்பாளர், ‘அரண்மனை’ என் கதை என்று 2014-ல் நீதிமன்றம் போனது ஞாபகமிருக்கட்டும். எந்தத் தொல்லையும் வேண்டாம் என்றால் ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) இருக்கிறது. தலைப்பை மாற்றியபோது காப்புரிமை வாசகத்தைப் போட மறந்துவிட்டார்கள், அமெரிக்காவில் அன்றிலிருந்து பொதுச்சொத்து. ராத்திரி முழுக்கப் பிணங்களிடமிருந்து தப்பிய கறுப்பின இளைஞனை, விடிந்ததும் உயிரோடிருக்கிற ஆட்களே பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். அதை நம் காலனித் தெருவுக்கும் ஊர்த்தெருவுக்கும் நடுவில் வைத்து எடுக்க முடியுமா என்று யோசியுங்கள்.

கடைசியாக, தோப்புக்காரரிடம் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்குகிற நேரம், ராத்திரியில் லைட் அடித்தால் திருடன் என்றுதான் வருவார்கள். சுடுகாட்டில் எடுப்பதென்றால் அன்று சாவு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொம்பளப் பிள்ளைகள் நடிக்கிற படமானால் வீட்டில் சொல்லிவிட்டு வரட்டும், திரும்பக் கொண்டுபோய் விடுகிற பொறுப்பு இயக்குநருடையது. லைட் வேண்டுமென்றால் முகூர்த்த நாள் பார்த்துக் கேட்காதீர்கள், அன்றைக்கு எனக்கே பத்தாது. போன மாதம் வாங்கிப்போன குழு இரண்டு பேட்டரியும் ஒரு ஸ்டாண்டும் இன்னும் தரவில்லை. யாரென்று உங்களுக்கே தெரியும்.

அன்புடன்,
ஸ்டூடியோ அண்ணன்,
ஆண்டிமடம்